வகுக்காமலே தெரிந்த பகா எண்

அன்புள்ள ஐயா,

2¹²⁷ − 1 பகா எண் என்று 1876-இலேயே பிரான்ஸின் எதுவார் லூகாஸ் நிறுவினார் என எழுதியிருந்தீர்கள். அது 39 இலக்க எண். கணினி இல்லாத காலத்தில் அது எதனாலும் வகுபடாது என்று ஒருவர் எப்படிப் பார்த்து முடித்திருக்க முடியும்?

ம., கல்லூரி மாணவி

அன்புள்ள ம.,

அவர் வகுத்துப் பார்க்கவே இல்லை, விஷயமே அதுதான்.

170141183460469231731687303715884105727. இதை வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை போக வேண்டும், அதுவே 20 இலக்கம். காரணி இருந்தால் அது 254-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பதால் மற்றதையெல்லாம் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளியும், நொடிக்கு ஒரு வகுத்தல் போட்டால் 150 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

லூகாஸின் வழியைச் சின்ன எண்ணில் போட்டுப் பாருங்கள்: 2⁷ − 1, அதாவது 127. 3-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்துக்கொண்டே போக வேண்டும், 127-ஐத் தாண்டினால் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 3, 7, 47. அடுத்து 2207, மீதி 48. அடுத்து 2302, மீதி 16. அப்புறம் 254, மீதி சுழி. அடுக்கு 7 என்பதால், அதைவிட இரண்டு குறைவாக, ஐந்தாம் முறை வர்க்கப்படுத்தும்போது சுழி வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். (அடுக்கை 4-ஆல் வகுத்து மீதி 3 வந்தால்தான் 3-இல் தொடங்கலாம். 4-இல் தொடங்கினால் எல்லா ஒற்றைப் பகா அடுக்குக்கும் சரிவரும். 1930-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் லெஹ்மர் இதை ஒழுங்குபடுத்தினார்.)

மீதி காணக்கூட வகுக்க வேண்டாம். 2207-இல் 17 முறை 128 போக 31 மிஞ்சும், 17-ஐயும் 31-ஐயும் கூட்டினால் அதே 48. இரும முறையில் எழுதினால் 2¹²⁷ − 1 என்பது வெறும் 127 ஒன்றுகள், அங்கேயும் இதே வெட்டி ஒட்டும் வேலைதான். மொத்தம் 125 படிகள், ஒவ்வொன்றிலும் 39 இலக்கம் வரையிலான எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். முதுகு ஒடிகிற வேலை, ஆனாலும் ஒரு மனிதரால் முடிகிற வேலை.

எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் 2⁶⁷ − 1. இவ்வகைப் பகா எண்கள் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் கொடுத்த பட்டியலில் அதுவும் உண்டு. அது பகா எண் இல்லை என்று லூகாஸ் அதே 1876-இல் சொன்னார், ஒரு காரணியைக்கூடக் காட்டாமல்! 193707721 × 761838257287 என்று அமெரிக்காவின் ஃப்ராங்க் நெல்சன் கோல் பிரித்துக் காட்டியது 1903-இல். இடையில் 27 ஆண்டுகள், அந்த எண் உடையும் என்று உறுதியாகத் தெரியும், எங்கே உடையும் என்று மட்டும் தெரியாது. ஒன்று தெரிய மற்றது தேவையில்லை என்பதை நான் இங்கேதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

2¹²⁷ − 1 தான் 1951 வரை நாம் அறிந்த மிகப் பெரிய பகா எண். இப்போது அதையே அடுக்காக வைத்து, 2-ஐ அத்தனை முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண்ணா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. லூகாஸின் சோதனையும் அங்கே கைகொடுக்காது, ஏனென்றால் போட வேண்டிய படிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம்.