களைப்பும் அட்டவணையும்: டீச்சரிடம் கேளுங்கள்

ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) வந்த பிறகு அரை நாள் தெம்பில் முழு நாளை ஓட்டுகிறேன். டாக்டர் இல்லை. மருந்தைப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

தலவாக்கலை தம்பி: எனக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. அட்டவணை போட்டால் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறேன்.

புதுக் கொப்பியின் உற்சாகம் அவ்வளவுதான் தம்பி. மணி பார்த்து எழுதாதீர்கள். நேரம் போவதே தெரியாதவருக்கு ஒன்பதரை என்று எழுதி என்ன பயன்? படுத்தபடி செய்யக்கூடியவை, உட்கார்ந்து செய்பவை, நின்று செய்பவை என்று மூன்று தாள் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கொப்பிக்குள் வைத்தால் மறந்துபோகும். காலையில் உடம்பு எப்படி இருக்கிறதோ அந்தத் தாளில் இரண்டைச் செய்தால் போதும். மாத்திரையைப் பல் துலக்குவதோடு சேர்த்துவிடுங்கள்.

பண்டாரவளை தங்கச்சி: நல்லா இருந்த அன்று உடுப்பெல்லாம் துவைத்தேன். அடுத்த நாளிலிருந்து மூன்று நாள் படுக்கை.

நல்ல நாளில்தான் கவனம் வேண்டும், எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. எம்.ஈ. என்ற நாட்பட்ட களைப்பு நோய் போன்றவற்றில் அடி பெரும்பாலும் அன்றைக்கே விழாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் விழும். அதனால் இரண்டு வாரம் செய்ததையும் மறுநாள் இருந்த விதத்தையும் ஒரு வரி எழுதுங்கள். மோசமான வாரத்திலும் தாங்கிய அளவுதான் உங்கள் அளவு. நல்ல நாளிலும் அதோடு நிறுத்துங்கள், வாளியில் பாதி உடுப்பு கிடந்தாலும் சரி. 'தினம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போ' என்பார்கள். எம்.ஈ. நோயாளிகளுக்கு அப்படிக் கூட்டும் உடற்பயிற்சிச் சிகிச்சையை பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டி 2021இல் கைவிட்டது. மனச்சோர்வென்றால் கதை வேறு, அங்கே மெல்ல அசைவது உதவும். ஆகவே முதலில் என்ன நோய் என்று பாருங்கள்.

நானுஓயா: எந்த விட்டமின் நல்லது?

முதலில் இரத்தப் பரிசோதனை.

மஸ்கெலியா அக்கா: எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். களைத்தால் உட்காரச் சொல்வது யாருக்கு, டீச்சர்?

ஒரு அண்ணன்: அந்தக் காலத்தில் எங்கள் அம்மா உட்கார்ந்தாரா? இதெல்லாம் சோம்பலுக்குச் சாக்கு.

அண்ணன், அம்மா உட்காரவில்லை, உட்கார விடவில்லை. அவர் இரவில் கால் வீங்கிப் படுத்ததை நீங்கள் பார்த்திருக்கலாம்.

அக்கா கேட்பது நியாயம். என் தாள் கிலோவைக் குறைக்காது. மலையில் தெம்பு மிஞ்சாது, ஆகவே வீட்டுக் காம்பராவில்தான் மிச்சம் பிடிக்கவேண்டும்: உட்கார்ந்து மரக்கறி வெட்டுங்கள், இரவுச் சோற்றோடு காலைக்கும் சேர்த்து ஆக்குங்கள், விறகைப் பிள்ளைகள் தூக்கட்டும். சோற்றோடு தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை அது உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரத்தம் குறைந்தாலும் இதே களைப்புத்தான் வரும்.

அக்கா: சரி டீச்சர். பீலித் தண்ணியை யார் தூக்குவது?

அண்ணன்: நான் சொன்னது தப்புத்தான். ஆனால் உட்கார்ந்தால் கங்காணி கத்துவார்.

கத்துவார். அதற்கு என்னிடம் தாள் இல்லை, அது தொழிற்சங்கத்திடம் போகவேண்டிய கேள்வி. தண்ணியை ஆண்களும் தூக்கலாம் அண்ணன், குடம் ஒன்றும் சொல்லாது.

பதுளை: நல்ல நாளில் எல்லாவற்றையும் முடித்துவைத்தால் என்ன?

பண்டாரவளைத் தங்கச்சிக்கு எழுதியதை வாசியுங்கள். தூக்கமே வராமல், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் மனநல உதவி எண். இன்று எழுத ஒதுக்கிய தெம்பு தீர்ந்தது, நான் படுக்கிறேன்.