எதிர்பாராத பேரிடரில் பழைய வரலாறு வழிகாட்டுமா?

வழிகாட்டும். ஆபத்து எந்த நாளில் வரும் என்று சொல்லாது. வரும்போது எப்படி இருக்கும் என்று சொல்லும். 2004 சுனாமியையே பாருங்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமலூ தீவு. 1907-ல் அங்கே பேரலை ஏராளமானோரைக் கொண்டுபோயிருந்தது. அதன்பின் ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. அலை சில நிமிடங்களிலேயே வந்தும், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்தான். நாகப்பட்டினத்துக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நம்மிடம் அப்படியொரு சொல் இல்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

வரலாறு ஏமாற்றுவது, ஏட்டின் கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டும்போது. ஜப்பானின் புகுஷிமா அணு உலைக்கு எதிர்பார்த்த அலை உயரம் 5.7 மீட்டர், 2011-ல் வந்தது ஏறத்தாழ 14 மீட்டர். 869-ம் ஆண்டுப் பேரலை கொண்டுவந்த மணல், அதே கரையோரத்துச் செண்டாய் சமவெளி வயல்களுக்கு அடியில் அடுக்காகவே கிடந்தது. ஆகவே யாராவது ‘இதுவரை காணாத வெள்ளம்’ என்றால், எத்தனை ஆண்டுப் பதிவைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். முப்பது ஆண்டு மழைக்கணக்கு போதாது. கோயில் கல்வெட்டு, பழைய ஏரி வரைபடம், மண்ணடுக்கு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.