வீட்டு லோன் இல்லன்னுட்டாங்களா? உங்களுக்கு இல்லையா, அந்த வீட்டுக்கு இல்லையான்னு முதல்ல கேளுங்க

கோத்தகிரி பக்கத்துலேர்ந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. தனியார் ஸ்கூல்ல டீச்சர், சம்பளம் 18,000. வீட்டுக்காரர் சொந்தமா டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டறாரு, கூடவே அவர் பங்குக்கு ஒரு ஏக்கர் தேயிலை. அரவேனு பக்கம் 4 சென்ட்ல ஒரு பழைய வீட்ட 32 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் குடுத்து அக்ரிமென்ட் போட்டாச்சு. 25 லட்சம் லோன் கேட்டதுக்கு ரெண்டு மாசம் அலைய விட்டுட்டு "உங்களுக்கு எலிஜிபிள் ஆகல"ன்னு போன்ல சொல்லி முடிச்சுட்டாங்களாம். அக்ரிமென்ட் முடிய இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. வேற நாலு பேங்க்ல உடனே அப்ளை பண்ணவா, இல்ல சித்தப்பா சொல்ற மாதிரி வட்டிக்கு வாங்கி கிரயத்த முடிச்சுட்டு அப்புறம் லோன் பாக்கவா, அட்வான்ஸ் போயிடுமா, இதுதான் அவங்க கேள்வி.

சகோதரி, நாலு பேங்க் இப்ப வேண்டாம். வட்டிக்கும் வேண்டாம். நீங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த "இல்ல" உங்க ரெண்டு பேருக்கா, இல்ல அந்த வீட்டுக்கா. நான் பேங்க்ல லோன் ஃபைல் பாத்து ஓய்வு பெற்றவன், சர்வீஸ்ல பாதி மலையிலதான் போச்சு. கீழ கோயம்புத்தூர்ல திரும்பி வர்ற ஃபைல்ல பெரும்பாலும் ஆளோட வருமானம், சிபில் (வாங்கின கடன ஒழுங்கா கட்டறோமான்னு காட்டற ஸ்கோர்) இதுலதான் சிக்கியிருக்கும், ஆனா மலையில நான் பாத்த வரைக்கும் நெலத்தோட பேப்பர்தான் பாதிக்குப் பாதி காலை வாரும், அத கவுன்டர்ல யாரும் பொறுமையா எடுத்துச் சொல்றதில்ல, "எலிஜிபிள் ஆகல"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க.

அதனால போன்ல சொன்னத வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. எந்த லோனா இருந்தாலும், தொகை எவ்வளவா இருந்தாலும், அப்ளிகேஷன நிராகரிச்சா முக்கியமான காரணத்த எழுத்துல குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2007-லயே எல்லா பேங்குக்கும் சொல்லியாச்சு. ஒரு வெள்ளைத் தாள்ல அப்ளிகேஷன் நம்பர் போட்டு "நிராகரிச்ச காரணத்த எழுத்துல தாங்க, லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன் ரிப்போர்ட் ரெண்டுக்கும் நான் பணம் கட்டியிருக்கேன், அதுல என்ன குறை சொல்லியிருக்குன்னும் சொல்லுங்க"ன்னு எழுதி மேனேஜர்கிட்ட குடுத்து, இன்னொரு காப்பியில சீல் வாங்கிக்கோங்க. ரிப்போர்ட்டோட நகல் தர சில கிளையில தயங்குவாங்க, ஆனா காரணத்த சொல்ல மாட்டேன்னு சொல்ல முடியாது. 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர்கிட்ட ஆன்லைன்லயே போடலாம், 14448-க்கு கூப்பிட்டா எப்படி போடறதுன்னு சொல்வாங்க. ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க, லோன் குடுத்தே ஆகணும்னு அவங்களால பேங்க்க கட்டாயப்படுத்த முடியாது, காரணம் சொல்ல வைக்கத்தான் அந்த வழி.

இப்ப உங்க பக்கத்து கணக்க பாப்போம். 25 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம்னு வெச்சா இஎம்ஐ ஏறக்குறைய 21,700 வரும். வீட்டுக்காரரோட கார் லோனுக்கு மாசம் 11,500 போகுதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் சேர்த்தா 33,200. பொதுவா எல்லா இஎம்ஐயும் சேர்ந்து வருமானத்துல பாதிக்கு மேல போகாம பேங்க் பாத்துக்கும், அப்படின்னா பேப்பர்ல உங்க குடும்ப வருமானம் மாசம் 66,000-க்கு மேல தெரியணும். ஆனா பேப்பர்ல தெரியறது உங்க 18,000 மட்டும்தான், ஏன்னா அவர் இன்னும் வருமான வரி ரிட்டர்னே போடல. சீசன்ல ஏப்ரல், மே மாசம் கைநிறைய வருது, 2024 மே மாசம் மலைக்கு வர்ற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததுலேர்ந்து சவாரி முன்ன மாதிரி இல்லன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க, அந்த ஏத்த இறக்கத்த எல்லாம் சொன்னா பேங்க்ல கேட்டுப்பாங்க, ஆனா கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. ஆக இந்த ஃபைல் வருமானத்துலயே நின்னிருக்க வாய்ப்பு நிறைய.

இதுக்கு வழி இருக்கு. கார் லோன்ல இன்னும் 10 மாசம்தான் பாக்கின்னு சொல்றீங்க. அந்த 11,500 இஎம்ஐ முடிஞ்சாலே, அதே 8.5 சதவீதக் கணக்குல ஏறக்குறைய 13 லட்சம் வரைக்கும் லோன் தாங்கற இடம் உங்களுக்குக் கிடைக்கும், அதனால கைல இருக்கற சேமிப்புல கொஞ்சத்த எடுத்து கார் லோன முன்கூட்டியே அடைக்கறது நிறைய பேருக்குத் தோணாத, ஆனா நல்லா வேலை செய்யற வழி. முன்னாடியே அடைச்சா அபராதம் போடுவாங்களான்னு மட்டும் கேட்டுட்டு பண்ணுங்க. அடுத்தது தேயிலை. பச்சை இலை போடற ஃபேக்டரி, அது இன்கோ கூட்டுறவு ஃபேக்டரியோ தனியாரோ, மாசாமாசம் குடுக்கற இலை பில்லையும், அந்தப் பணம் ஏறுன பாஸ்புக்கையும் ஒரு வருஷத்துக்கு அடுக்கி வைங்க, தேயிலை வாரியத்துல சிறு விவசாயின்னு பதிஞ்சிருந்தா அந்தக் கார்டையும் சேருங்க. இலைப் பணத்த கையில வாங்கறத விட்டுட்டு அக்கவுன்ட்லயே வாங்குங்க. டாக்ஸிக்கு பர்மிட், ஆர்சி, இன்சூரன்ஸ், சவாரி பணம் ஜிபேல வந்த ஸ்டேட்மென்ட், இதெல்லாம் சேர்த்து ஒரு ஆடிட்டர்கிட்ட போய் ரிட்டர்ன் போட ஆரம்பிங்க. ரெண்டு வருஷ ரிட்டர்ன ஒரே நாள்ல போட்டு எடுத்துட்டு வர்றவங்கள பாத்திருக்கேன், தேதிய பாத்தாலே லோன் ஆபீசருக்குப் புரிஞ்சுடும், அது உதவாது.

சிபில் பத்தி. உங்க ஸ்கோர் 760, அவரோடது 640. "அவர் ஃப்ரெண்டோட வண்டி லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டாரு, அவன் சரியா கட்டல, அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. சம்பந்தம் இருக்கும்மா. ஜாமீன்தாரரா போட்ட கையெழுத்து அவர் ரிப்போர்ட்லயும் வரும், அந்த ஃப்ரெண்ட் கட்டாத தவணை இவர் தலையிலயும் ஏறும். அந்த லோன் இன்னும் ஓடுதா, முடிஞ்சுதா, இல்ல "செட்டில்டு"ன்னு நிக்குதான்னு பாருங்க. செட்டில்டுன்னா முழுசா கட்டாம பேசி முடிச்சதுன்னு அர்த்தம், பேங்குக்கு அது ஆகவே ஆகாது, மிச்சத்த கட்டி "க்ளோஸ்டு"ன்னு மாத்தி, நிலுவை இல்லன்னு சர்டிபிகேட் வாங்கணும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க், இந்த நாலு கம்பெனிலயும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் ஃப்ரீ. நாலையும் எடுங்க, ஏன்னா மகளிர் குழு லோன், மைக்ரோ ஃபைனான்ஸ் லோன் இதெல்லாம் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லாம போகும், உங்க பேர்ல குழுவுல எடுத்து இன்னொருத்தர் கட்டிட்டு இருக்கற கடன் ஏதாவது இருந்தா அதுவும் அங்கதான் தெரியும். தப்பா ஏதாவது இருந்தா ஆன்லைன்ல தகராறு பதியுங்க, 30 நாளுக்குள்ள சரி பண்ணலன்னா நாளுக்கு 100 ரூபா உங்களுக்கு நஷ்ட ஈடு தரணும்.

நாலு பேங்க்ல ஒரே நேரத்துல போடாதீங்கன்னு ஏன் சொன்னேன்னா, ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் பேங்க் உங்க ரிப்போர்ட்ட எடுக்கும், அது பதிவாகும், அஞ்சாவது பேங்க் பாக்கறப்போ "இவங்க எல்லா எடத்துலயும் கேட்டு அலையறாங்க"ன்னுதான் தெரியும்.

இனி வீடு. இங்கதான் நீங்க நிதானமா உக்காந்து பாக்கணும், ஏன்னா குறை உங்க மேலன்னா கொஞ்சம் நாளானாலும் நீங்களே சரி பண்ணிடலாம், வீட்டு மேலன்னா அத சரி பண்ண வேண்டியது விக்கறவர், நீங்க இல்ல.

பட்டா யார் பேர்ல இருக்கு? நம்ம ஹட்டிகள்ல, அதான் படுகர் ஊர்கள்ல, கூட்டுப் பட்டா சகஜம், தாத்தா பேர்லயே நிக்கும், அண்ணன் தம்பி வாய்மொழியா பிரிச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் வீடு கட்டியிருப்பாங்க, ஊருக்கே தெரியும் இது இன்னாரோடதுன்னு, ஆனா பேங்க் வக்கீலுக்கு ஊர் சொல்றது செல்லாது. பாகப்பிரிவினை பத்திரமோ, பங்க விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரமோ பதிவாகியிருக்கணும், அப்புறம் உட்பிரிவு பண்ணி தனிப் பட்டா வாங்கியிருக்கணும். அக்கா தங்கச்சி கையெழுத்து இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துடுச்சு, 2005-ல நாடு முழுக்க வந்தது, அதனால ஒரு அக்கா கையெழுத்து விட்டுப் போயிருந்தாலும் லீகல் ஒப்பீனியன் அங்கேயே நின்னுடும், நிக்கணும்தான், ஏன்னா பத்து வருஷம் கழிச்சு அந்த அக்கா மகன் கேஸ் போட்டா கோர்ட்டுக்கு அலையப் போறது நீங்க. என்கிட்ட ஒருத்தர் இப்படித்தான் சண்டை போட்டாரு, "எங்க ஊர் வீட்டுக்கு எங்கிட்டயே பேப்பர் கேக்கறீங்களா"ன்னு, வேற எடத்துல கடன் வாங்கி வீட்ட வாங்கிட்டாரு, அப்புறம் விக்கறவரோட தங்கச்சி கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, அவர் முகத்த பாக்கவே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

அடுத்தது கட்டட பிளான். மலையில 7 மீட்டர் உயரத்துக்கு மேல கட்டக் கூடாது, இருந்தும் சரிவப் பயன்படுத்தி கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு மாடி ஏத்தியிருப்பாங்க. அப்ரூவ்டு பிளான்ல ஒரு மாடி, நேர்ல ரெண்டு மாடின்னா வேல்யூவர் அந்தக் கூடுதல் மாடிக்கு மதிப்பே போட மாட்டாரு, சில பேங்க் ஃபைலையே மூடிடும். உங்க கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தோட, அதான் நம்ம ஆளுங்க ஹாக்கான்னு சொல்வாங்களே, அந்தப் பட்டியல்ல இருந்தா வெறும் பஞ்சாயத்து ரசீது போதாது. மனை அங்கீகாரம் இல்லாததுன்னா, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனைகள வரன்முறைப்படுத்த தனித் திட்டம் வந்துச்சு, மலைப் பகுதிக்கு அதுக்குன்னே 2020-ல தனி விதியும் வந்துச்சு, விக்கறவர் அதுல போட்டு ஆர்டர் வாங்கியிருக்காரான்னு கேளுங்க. வீட்டுக்குப் பின்னாடி மண்ண வெட்டி எடுத்திருந்தா தடுப்புச் சுவர் இருக்கா, தண்ணி போக வழி இருக்கான்னு நீங்களே ஒரு மழை நாள்ல போய் பாருங்க. 2009 நவம்பர் மழையில கேத்தி, அச்சனக்கல் பக்கம் மண்ணு சரிஞ்சத நேர்ல பாத்தவங்க யாரும் இத சாதாரணமா எடுத்துக்க மாட்டாங்க.

இத படிக்கற கூடலூர்காரங்களுக்கு ஒரு வார்த்தை, பிரிவு 17 நெலம்னா பட்டாவே கிடையாது, ஜன்மம்ங்கற பழைய நெல உரிமைய ஒழிச்ச 1969 சட்டத்துல இன்னும் தீராத நெலம் அது, யார் என்ன பேப்பர் காட்டினாலும் அத நம்பி அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இன்னொரு விஷயம், இத நீங்க எழுதல, ஆனா கேக்காம விட முடியல. பத்திரத்துல எவ்வளவு காட்டறதா பேச்சு? அரசு வெச்சிருக்கற கைடுலைன் மதிப்பு மட்டும் காட்டி, மிச்சத்த கையில வாங்கிக்கறேன்னு விக்கறவர் சொல்லியிருந்தா அங்கேயே உங்க லோன் சுருங்கிடும். 30 லட்சம் வரைக்குமான லோனுக்கு மதிப்புல 90 சதவீதம் வரை தரலாம்னு விதி இருக்கு, ஆனா அந்த மதிப்புங்கறது பத்திரத் தொகை, வேல்யூவர் போட்டது ரெண்டுல எது கம்மியோ அது. பத்திரத்துல 20 லட்சம்னா 18 லட்சத்துக்கு மேல எந்த பேங்க்கும் தர முடியாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 32 லட்சத்துக்கு 2,88,000 ரூபா, இது லோன்ல வராது, கைக்காசு. விலைல லோன் போக நீங்க போட வேண்டிய 7 லட்சம் மார்ஜினோட சேர்த்தா கிட்டத்தட்ட 10 லட்சம் உங்க கையில இருக்கணும், அட்வான்ஸ் 3 அதுல அடங்கும்.

சித்தப்பா சொல்ற வழிக்கு வர்றேன். அவர் உங்க நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா மூணு வட்டின்னா 10 லட்சத்துக்கு மாசம் 30,000 வட்டி மட்டும், உங்க சம்பளத்த விட அதிகம். கிரயம் முடிஞ்சப்பறம் அந்த வீட்டு மேல லோன் வாங்கி அடைச்சுடலாம்னு நினைப்பீங்க, ஆனா வீட்டுப் பேப்பர்ல குறைன்னா அப்பவும் பேங்க் தராது. பேங்க் வேண்டாம்னா வீட்டுக் கடன் தர்ற ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் இருக்கு, ரிட்டர்ன் இல்லாம நேர்ல வந்து வருமானத்த மதிப்பிட்டு தருவாங்க, வட்டி பேங்க்க விட கூட இருக்கும். வீட்டுப் பேப்பர் சுத்தமா இருந்து, குறை உங்க வருமான ஆதாரத்துல மட்டும்தான்னு எழுத்துல தெரிஞ்சா, அப்ப ஒரே ஒரு கம்பெனில கேளுங்க, ரெண்டு மூணு வருஷம் ரிட்டர்ன் போட்டு சிபிலையும் ஏத்திட்டு பேங்குக்கு மாத்திக்கலாம். மாறும் வட்டி லோன்னா மாத்தறதுக்கு தனிநபருக்கு அபராதம் கிடையாது.

அட்வான்ஸ். அக்ரிமென்ட்ட எடுத்து "லோன் கிடைக்காத பட்சத்தில்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா நல்லது. இல்லன்னா நிராகரிப்புக் காரணம்தான் உங்களுக்குப் பிடி. பத்திரத்துல வில்லங்கம், பட்டா அவர் பேர்ல இல்ல, இந்த மாதிரின்னா சுத்தமான பத்திரம் குடுக்க முடியாதது விக்கறவரோட தவறு, அட்வான்ஸ திருப்பிக் கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு. உங்க வருமானம்தான் காரணம்னா அவர பேசித்தான் சம்மதிக்க வைக்கணும், அதுக்கு கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த வாரமே ரெண்டு பேருமா அவர் வீட்டுக்குப் போய் நடந்தத மறைக்காம சொல்லி, இன்னும் மூணு மாசம் தவணை கேளுங்க, லோன் வரி இல்லன்னா அதையும் சேர்த்துக் கேளுங்க, சரின்னாருன்னா வாய்ப்பேச்சோட திரும்பி வராம ஒரு வக்கீல வெச்சு நீட்டிப்பு ஒப்பந்தம் எழுதிக்கோங்க. நம்ம ஊர்ல இந்த விலைக்கு வேற ஆள் உடனே வந்துடறதில்ல, அது விக்கறவருக்கும் தெரியும்.