கோடிங் வரவில்லை என்றால் ஐ.டி.யை விட்டே போக வேண்டுமா?

கேள்வி: மெக்கானிக்கல் படித்துவிட்டு, சென்னையில் ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். ஒன்றரை வருடம் ஆகியும் கோடிங் பிடிபடவில்லை. இப்போது பி.ஐ.பி.யில் (குறித்த காலத்துக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டச் சொல்லும் திட்டம்) போட்டுவிட்டார்கள். ராஜினாமா செய்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கலாமா?

பதில்: ராஜினாமாவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கல்லூரியில் முதல் வருடம் படித்த ஒரு பைதான் பேப்பரை நம்பி ஜாவா புராஜெக்டில் இறக்கிவிடப்பட்டவர் திணறுவது இயல்பு. அதை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள்.

கடந்த ஆறு மாத மெயில்களையும் டிக்கெட்டுகளையும் (உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளின் பதிவுகள்) எடுத்துப் பாருங்கள். எந்த வேலைக்கு மற்றவர்கள் உங்களைத் தேடி வந்தார்கள்? மற்றவர் கண்ணில் படாத பிழையைப் பிடித்தீர்களா? டெஸ்டிங் பக்கம் போகலாம். டெஸ்டிங்குக்கான சான்றிதழான ஐ.எஸ்.டி.கியூ.பி.யின் அடிப்படைத் தேர்வில் 40 கேள்விகள், 26 சரியானால் தேர்ச்சி. ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது, எஸ்.க்யூ.எல்.லும் (தரவுத்தளத்தில் தகவல் தேடும் மொழி) ஓரளவு ஆட்டோமேஷனும் (சோதனைகளைத் தானாக ஓடவைப்பது) கேட்பார்கள். கிளையன்டிடம் பேசித் தேவையைத் தெளிவாக எழுதியிருந்தால், அதையே வேலையாகச் செய்யும் பிசினஸ் அனலிஸ்ட் ஆகலாம்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது பி.எல்.எம். ஒரு காரின் பாகப் பட்டியல், டிராயிங், அதில் நடக்கும் ஒவ்வொரு டிசைன் மாற்றம் எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மென்பொருள் துறை அது. டீம்சென்டர், விண்ட்சில் எல்லாம் இந்த வகைதான். டிராயிங் படிக்கத் தெரிந்த, மென்பொருள் நிறுவனத்தின் நடைமுறையும் பழகிய ஆள் அங்கே தேவை. அந்த இரண்டும் உங்களிடம் இருக்கிறது. மெக்கானிக்கல் படிப்பு வீணாகிவிட்டதே என்ற வருத்தமும் குறையும்.

வங்கித் தேர்வுக்கு அவசரம் இல்லை. வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வைப் பொதுப்பிரிவினரே 30 வயது வரை எழுதலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். அதற்கு முன், கிளையில் வேலை செய்யும் ஒருவரிடம் டார்கெட், டிரான்ஸ்ஃபர் பற்றி மனம்விட்டுக் கேளுங்கள். கோடிங்கிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் அங்கே போனால் மறுபடியும் திணறுவீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: பி.ஐ.பி. இலக்குகளை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு பிரிவுக்கு மாற வழியிருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட், பாண்ட் (குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாகப் போட்ட ஒப்பந்தம்) விவரங்களைப் படியுங்கள். விலக நேர்ந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த இடத்தில் சிரமம். பி.எஃப். பணத்தையும் எடுக்க வேண்டாம். பென்ஷனுக்குப் 10 வருட சேவை வேண்டும், அதனால் அதே யு.ஏ.என்.னில் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.