ஆபா ஆல்பம் வாங்கும் முன்

கேள்வி: என் அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். சீனியர் ஒருவரின் டேப்பில்தான் ஆபா என்ற ஸ்வீடன் பாப் குழுவின் பாட்டெல்லாம் கேட்டுப் பழகினாராம். அடுத்த மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அந்தக் குழு திரும்பச் சேர்ந்து போட்ட 'வாயேஜ்' ஆல்பத்தின் எல்பி இசைத்தட்டை வாங்கித் தர ஆசை. ஆன்லைனில் ஐந்தாறு நிறங்களில் இருக்கிறது. ஒருவர் 'லிமிடெட்' என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார். ரசிகர்களில் ஒருவர் கேட்டு அழுதேன் என்கிறார், இன்னொருவர் ஏமாந்தேன் என்கிறார். வாங்கலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வாங்கலாம். ஆனால் முதலில் நீங்கள் தனியாக உட்கார்ந்து ஒரு முறை கேட்டுவிடுங்கள். பாட்டுச் செயலிகளில் முழு ஆல்பமும் இருக்கிறது. மொத்தம் பத்துப் பாட்டு, 37 நிமிடம்தான்.

ரசிகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள் என்று கேட்டால், இரு தரப்புமே பொய் சொல்லவில்லை. 1981-ல் ஓர் ஆல்பம் போட்டுவிட்டு அடுத்த ஆண்டே பிரிந்த குழு இது. அடுத்த ஆல்பம் 2021 நவம்பரில்தான் வந்தது, நாற்பது வருஷம் கழித்து. குழுவின் இரு பாடகிகளில் அக்னெத்தாவுக்கு அப்போது 71 வயது, ஆனி-ஃப்ரிடுக்கு 75. பெண் குரல்கள் முன்பைவிடக் கீழே இறங்கியிருக்கின்றன. மெதுவான பாட்டுகள் நிறைய. இசையமைக்கும் பென்னியும் பியோர்னும் இன்றைய பாணியைப் பிடிக்க ஓடவில்லை, பழைய மாதிரியேதான் மெட்டமைத்திருக்கிறார்கள். ஆட வைக்கும் பாட்டுகளை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அந்த இரண்டு குரலும் சேர்ந்து ஒலித்தால் போதும் என்று காத்திருந்தவர்களுக்குக் கண் கலங்கியது. அதில் ஒரு பாட்டின் குரல்பதிவு மட்டும் 1978-ல் எடுத்தது. வாத்தியங்களைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். இளமைக் குரலும் முதுமைக் குரலும் ஒரே தட்டில் இருப்பதை உங்கள் அப்பா கட்டாயம் கவனிப்பார். எனக்கு அந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்ததே அதுதான்.

இப்போது நிறத்துக்கு வருவோம். கறுப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள், படம் அச்சிட்ட தட்டு, கேசட் என்று பல வடிவங்களில் விட்டார்கள். எல்லாவற்றிலும் இருப்பது அதே பத்துப் பாட்டுதான். நாற்பது வருஷம் காத்திருந்தவன் எல்லா நிறத்தையும் வாங்கிவிடுவான் என்று தெரிந்தே செய்த வியாபாரம் அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிறத்தால் ஒலியின் தரம் கூடிவிடாது. சாதாரணக் கறுப்புத் தட்டே போதும்.

மூன்று மடங்கு கேட்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இறக்குமதி செய்த புதுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. வெளிநாட்டுத் தளத்தில் நீங்களே வரவழைத்தால் சுங்க வரியும் இறக்குமதிக்கான ஐஜிஎஸ்டி வரியும் சேரும். அங்கே தெரியும் விலை கடைசி விலை அல்ல.

அப்புறம் முக்கியமான விஷயம், வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறதா? இதற்காகவே புதிதாக வாங்குவதென்றால் சூட்கேஸ் மாதிரி மடிக்கும் மலிவு வகை வேண்டாம். அதில் முள் கனமாக அழுந்தித் தட்டின் கோட்டைத் தேய்த்துவிடும். முள் அழுந்தும் எடையைச் சரிசெய்யக்கூடிய கையும் (முள்ளைத் தாங்கும் தண்டு) காந்த வகை முள்ளும் உள்ளதாகப் பாருங்கள். அவ்வளவு செலவு முடியாதென்றால் சீடி வாங்குங்கள், குறையே இல்லை. பழைய டூ-இன்-ஒன் இருக்கிறதே என்று கேசட் வாங்க நினைத்தால், முதலில் அதற்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிப் போயிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: இதே ஆல்பம்தான். ஏப்ரலில் வந்த பார்சலைப் பிரித்தால் உறை மூலை நசுங்கி, தட்டு நெளிந்திருந்தது. முள் துள்ளுகிறது. 'சீலை உடைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். கடை மும்பையில்.
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: சீலை உடைக்காமல் தட்டு நெளிந்ததை எப்படிப் பார்ப்பது? அந்தப் பதிலை ஏற்காதீர்கள். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். மறுத்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம்.

தட்டை வெயிலில் வைத்தோ, கனமான புத்தகத்தின் அடியில் வைத்தோ நிமிர்த்தப் பார்க்காதீர்கள். பிறகு நீங்கள் கெடுத்ததாகச் சொல்லிவிடுவார்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு சித்திரை மதியம் காருக்குள் ஒரு மணி நேரம் விட்ட என் தட்டு அப்பளம் மாதிரி ஆனது, நம்மூர் வெயில் அப்படி. உங்களுடையது வரும்போதே நெளிந்திருந்தது என்பதைக் காட்ட வேண்டும்: நசுங்கிய உறை, பார்சல் லேபிள், முள் துள்ளும் வீடியோ. மூன்றையும் இன்றே எடுத்துவையுங்கள்.

அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் முடியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊர் போதும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

கேள்வி: தட்டு நல்ல நிலையில்தான் வந்தது. பாட்டுதான் பிடிக்கவில்லை. பணம் திரும்பக் கேட்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: முடியாது. பாட்டு பிடிக்காதது பொருளின் குறை ஆகாது. கடைக்காரராக விருப்பப்பட்டு மாற்றித் தந்தால் உண்டு. வேறு ரசிகருக்கு விற்க எண்ணினால் உறையைக் காப்பாற்றி வையுங்கள். மலைமேல் மழைக்காலத்துப் பனிமூட்டத்தில் அட்டை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு, சுவரை ஒட்டாமல், படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டுவையுங்கள்.