பாஸ்போர்ட்டில் ஒரு பழஞ்சொல்

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். தினமும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறாள். நேற்றைய சொல் 'ஓவர்மாரோ'. நாளை மறுநாள் என்று பொருளாம். இன்று யாரும் பேசாத சொற்களைப் படித்து என்ன பயன் என்று கேட்டால் சண்டைக்கு வருகிறாள்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

சண்டையில் நான் உங்கள் மகள் பக்கம்தான். நீங்களும் நானும் 'நாளன்னைக்கு' என்று ஒரே மூச்சில் சொல்வதை ஆங்கிலேயர் இப்போது நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓவர்மாரோ செத்ததில் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ஆனால் அந்த நோட்டின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. ஓவர்மாரோ போன்ற சொல் யாரையும் ஏமாற்றாது. தெரியாத சொல் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும், அகராதியைப் புரட்டினால் தீர்ந்தது. தெரிந்த சொல்லின் முகத்தோடு வந்து நிற்கும் பழஞ்சொல்தான் காலை வாரிவிடும்.

வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்ட வேண்டுகோளில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' என்று வரும். லெட் என்றால் அனுமதிப்பது அல்லவா? அனுமதியும் இல்லாமல் தடையும் இல்லாமல் ஒருவர் எப்படிப் போவது?

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. விடுவதற்கு 'லேட்டன்', தடுப்பதற்கு 'லெட்டன்'. இரண்டும் தேய்ந்து தேய்ந்து 'லெட்' என்ற ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன. விடு என்பதற்கும் தடு என்பதற்கும் ஒரே சொல் என்றால் பிழைப்பு நடக்குமா? தடுக்கும் லெட் பேச்சிலிருந்து ஒதுங்கிவிட்டது. பாஸ்போர்ட் வாசகத்தில் இருப்பது அதுதான். ஸ்குவாஷில் எதிராளி குறுக்கே நின்று அடிக்க முடியாமல் போனால் ஆட்டக்காரர் கேட்கும் லெட்டும் அதே.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்திலும் அது வருகிறது. ஆவியின் பின்னால் போகவிடாமல் கூட இருப்பவர்கள் இழுத்துப் பிடிக்கும்போது, என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் கத்துகிறான். இன்றைய பொருளில் படித்தால், வழிவிடுகிறவனையே கொல்லப் பாயும் பைத்தியக்காரன் ஆகிவிடுவான். (அவன் பைத்திய வேஷம் கட்டுவது அதற்கப்புறம்தான்.)

மானைக் குறிக்கும் 'டீர்' ஒரு காலத்தில் எல்லா விலங்குக்கும் பொது. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகமான கிங் லியரில் எட்கர் என்பவன் எலிகளைக்கூட 'சின்ன டீர்' கணக்கில் சேர்க்கிறான். நமக்கு இது புதிதல்ல. மிருகம் என்றால் நாம் புலி, கரடி என்று நினைக்கிறோம். மிருகசீரிட நட்சத்திரத்தில் இருக்கும் மிருகமோ மான்.

அடுத்த பக்கத்தில் 'நைஸ்' என்று எழுதச் சொல்லுங்கள். 14ஆம் நூற்றாண்டில் ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று பொருள். இனி உங்கள் மகள் உங்களை நைஸ் அப்பா என்று கொஞ்சினால், எந்த நூற்றாண்டு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.