ஐந்து என்று சொன்னால் என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் 'செயின் ஆஃப் கமாண்ட்' இரண்டு பாகங்களையும் பார்த்தேன். எதிரி இனமான கார்டாசியர்களிடம் சிக்கிய கேப்டன் பிக்கார்டுக்கு, அவரை விசாரிக்கும் மாட்ரெட் நான்கு விளக்குகளைக் காட்டி, ஐந்து என்று சொல்லச் சொல்கிறான். 'ஐந்து' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, இதற்குப் போய் இத்தனை வதையா? பிக்கார்டின் இடத்துக்கு வரும் ஜெலிக்கோ நல்ல கேப்டன்தானா?

கே.

அன்புள்ள கே.,

விளக்குகள் வருவதற்கு முன்பே விசாரணை முடிந்துவிடுகிறது. இரண்டாம் பாகம் தொடங்கும்போதே பிக்கார்ட் மருந்தின் பிடியில் இருக்கிறார். பிறந்த ஊர், பிடிபட்ட இடமான செல்ட்ரிஸ் மூன்று கிரகத்துக்கு வந்த நோக்கம் எல்லாம் வாயிலிருந்து வந்துவிடுகிறது. கார்டாசியர்கள் குறிவைக்கும் மினோஸ் கோர்வா கிரகத்தின் பாதுகாப்புத் திட்டம் அவருக்குத் தெரியாது. தெரியாததை எந்த வலியாலும் வரவழைக்க முடியாது. அதன்பின் மாட்ரெட்டுக்கு வேண்டியது தகவல் இல்லை, அந்த ஆளைப் பணியவைப்பதுதான்.

கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகள் சிலர், கிருமிக் குண்டு போட்டதாகப் பொய் வாக்குமூலம் கொடுத்தார்கள். அது எப்படி வாங்கப்பட்டது என்று ஆராய்ந்த சமூகவியலாளர் ஆல்பர்ட் பிடர்மன், 1957இல் எட்டு உத்திகளைப் பட்டியலிட்டார். தனிமை, உடலைத் தளரவைப்பது, மிரட்டல், அவமானம், அவ்வப்போது சின்னச் சலுகை என்று போகும் அதில் ஒன்று, அற்பமான கட்டளைகளுக்குப் பணியவைப்பது. பணிந்து பணிந்து அது பழக்கமாகிவிடும். விளக்குக் கேள்வி இந்த ரகம். தோழர்களைக் காட்டிக்கொடு என்றால் கைதி பல்லைக் கடித்துக்கொள்வான். விளக்கை எண்ணு என்றால், 'இதற்குப் போய் வலியா' என்று, உங்களைப் போலவே, அவனே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வான். (பொய் வாங்கிய முறைகளின் இந்தப் பட்டியலை 2002இல் அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையில் விசாரணையாளர்களுக்குப் பாடமாக நடத்தினார்கள்!)

மாட்ரெட் சறுக்குவது சலுகையில்தான். பட்டினி கிடந்தவருக்கு ஒரு டாஸ்பார் முட்டை தருகிறான். உடைத்தால் உள்ளே உயிருள்ள குஞ்சு. பிக்கார்ட் அதை அப்படியே விழுங்குகிறார். அந்த முட்டையால் பேச்சு மாட்ரெட்டின் சிறுவயதுக்குப் போய், பசியில் முட்டை தேடி அலைந்ததையும் அதைப் பெரிய பையன்களிடம் பறிகொடுத்ததையும் தானே சொல்லிவிடுகிறான். இனி உன்னைப் பார்த்தால் அந்த ஆறு வயதுப் பையன்தான் தெரிவான் என்று பிக்கார்ட் திருப்பி அடிக்கிறார். அப்படியும் அவர் தப்பவில்லை. விடுதலையான பிறகு கப்பலின் மனநல ஆலோசகர் ட்ராயிடம், கடைசியில் ஐந்து விளக்குகளே தெரிந்ததாக ஒப்புக்கொள்கிறார்.

ஜெலிக்கோ பேச்சுவார்த்தையில் கெட்டிக்காரர், ஆள் நிர்வாகத்தில் அவசரக்காரர். வந்ததும் மூன்று ஷிப்டை நான்காக்கச் சொல்கிறார். ஆட்கள் அதேதான், பழகிய மூன்று குழுக்களைப் பிய்த்துத்தான் நான்காவதைச் சேர்க்க வேண்டும். பொறுப்பு கைமாறும் நேரமும் ஒன்று கூடும், தகவல் தவறுவது பெரும்பாலும் அங்கேதான். அதோடு எஞ்சின் பிரிவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைப் பாதுகாப்புக்கு மாற்றுகிறார். அதற்காக, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான ரைக்கர் ஷிப்ட் மாற்றத்தைச் செய்யாமல் இழுத்தது சரியில்லை. ஆட்சேபம் இருந்தால் உடனே வந்து சொல்லியிருக்க வேண்டும்.

பிக்கார்ட் உத்தரவின் பேரில்தான் போனார் என்று ஜெலிக்கோ ஒப்புக்கொண்டால் அவருக்குப் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு கிடைக்கும். ஜெலிக்கோ மறுக்கிறார், அதை எதிர்த்துப் பேசித்தான் ரைக்கர் பதவி இழக்கிறார். ஆனால் எதிரிக் கப்பல்களில் கண்ணிவெடி வைக்க ஷட்டில் என்ற சிறு கலத்தை ஓட்டுவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. ஜெலிக்கோ அவர் அறைக்கே போய், இதை உத்தரவாகப் போடமாட்டேன் என்கிறார். அப்படியானால் கேளுங்கள் என்கிறார் ரைக்கர். ஜெலிக்கோ கேட்கிறார்.